காரணத்துக்கும் ஒரு காரணம்

"என் புருஷன் சாவுக்கு நான்தான் காரணம்னு அவன் எழுதினது சரிதான் சார். கட்டுரையை அப்படியே வாங்கிக்கிட்டு மார்க் போட்டுடுங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எதிரில் நின்றவளைப் பார்த்தார். முதலாமாண்டு மாணவன் ஒருவனின் அண்ணி என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். மார்க் குறைந்ததற்காகச் சண்டைக்கு வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தன்மேல் பழி போட்ட கட்டுரைக்கு மார்க் கேட்டு வந்தவளை இப்போதுதான் பார்க்கிறார்.

"உக்காருங்கம்மா."

கல்லூரியில் அவருக்கு 'ஏன் சார்' என்று பட்டப்பெயர். வருஷா வருஷம் 'காரணமும் விளைவும்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்வார். பஸ் லேட், அதனால் நானும் லேட் என்று எழுதித் தப்பிக்க முடியாது. 'பஸ் ஏன் லேட்?' என்று ஓரத்தில் சிவப்பு மையில் கேட்பார். பதில் எழுதினால் அதற்கும் ஒரு ஏன் வரும். டிரைவர் வீட்டு அடுப்படி வரைக்கும் போகாமல் விடமாட்டார் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இந்தப் பையன் சுருக்கமாக எழுதியிருந்தான். விளைவு, அண்ணனின் மரணம். காரணம், அண்ணன் பைக் ஓட்டிக்கொண்டிருந்தபோது அண்ணி செய்த போன். அவ்வளவுதான். சார் வழக்கம்போல ஓரத்தில் எழுதினார்: 'அண்ணி ஏன் போன் செய்தார்? விசாரித்து எழுதவும்.'

"வந்து விசாரிச்சானா?"

"விசாரிச்சான் சார். அவன் என்கிட்ட முகம் குடுத்துப் பேசியே வருஷக்கணக்காச்சு. நேத்து அவனா வந்து எதிர்ல உக்காந்தான். 'சாப்பிட்டீங்களா அண்ணி'ன்னு கேக்கப் போறான்னு நெனச்சேன். எனக்குத்தான் புத்தி இல்ல."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எதுக்கு போன் பண்ணீங்கன்னு கேட்டான். சும்மாதான்னு சொன்னேன். 'சும்மா பண்ண போனுக்கா எங்கண்ணன் செத்தான்'னு கத்தினான். உள்ளேருந்து அத்தையும் ஆரம்பிச்சுட்டாங்க, எம்புள்ளைய முழுங்கினவளேன்னு. அது எனக்குப் பழகிப்போச்சு."

"இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டு அங்க ஏன் இருக்கீங்க?"

கேட்ட பிறகுதான் இங்கேயும் ஏன் வந்துவிட்டதே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அவர் இருந்த வீடு சார் அது. வேற எங்க போவேன்?"

நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"அன்னிக்கு பைக்ல பின்னாடி அவரோட சிநேகிதர் உக்காந்திருந்தார், போன் பேச்சு அவர் காதுல விழுந்திருக்கு. அவருக்குக் கால் போச்சு, உயிர் தப்பிச்சுது. போன்ல என்ன பேசினாங்கன்னு அவர்கிட்டயே கேக்கறேன்னு ஞாயித்துக்கிழமை கிளம்பறான். வேண்டாம்னு நீங்க சொல்லணும் சார். நீங்க சொன்னா கேப்பான்."

"நான்தாம்மா விசாரிக்கச் சொன்னேன். கூட இருந்தவரைக் கேக்காம எப்படி எழுதறது?"

"கேக்கக் கூடாது சார்."

குரல் இப்போது கெஞ்சவில்லை. பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாவது சண்டையா?"

"சண்டைன்னே வெச்சுக்குங்களேன்."

"அதென்ன வெச்சுக்கறது? அந்தச் சிநேகிதர் இத்தனை வருஷமா ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நான்தான் ஆஸ்பத்திரிலயே அவர் கையைப் பிடிச்சு, வாயைத் திறக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். மத்தவங்ககிட்ட சொல்லல. ஆனா இவன் நேரா போய் நின்னா அவரால பொய் சொல்ல முடியாது."

பேராசிரியரின் முகம் மாறியது. பாவம் என்று நினைத்தது தப்பாகிவிட்டது. பார்த்த சாட்சியின் வாயை அடைத்துவிட்டு, இப்போது தன்னையும் கூட்டுச் சேர்க்க வந்திருக்கிறாள்.

"நெருப்பில்லாம புகையாதும்மா. அண்ணனைப் பறிகொடுத்த பிள்ளை அவன். உண்மையைத் தெரிஞ்சுக்க அவனுக்கு உரிமை இருக்கு. உங்க தப்பை மூடி மறைக்க நான் துணைபோக முடியாது. நீங்க கிளம்பலாம்."

அடுத்த விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டார். திருத்துவது போல் இருந்தார், ஒரு வரியும் ஓடவில்லை.

அவள் எழுந்து வாசல் வரை போனாள். போய்விடுவாள் என்று நினைத்தார். அவளோ கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தாள். கண்ணில் நீர் நின்றது, குரலில் இல்லை.

"அப்போ அவனுக்கு நாலு வயசு சார்."

"யாருக்கு?"

"நான் குளிச்சிட்டு இருந்தேன். போன் கட்டில்மேல கிடந்துது. பச்சைப் பட்டனை ரெண்டு தடவை அமுக்கினா அண்ணன் பேசும்னு நான்தான் விளையாட்டா சொல்லிக் குடுத்திருந்தேன். அவனுக்கு எதுவும் ஞாபகம் இல்ல. இருக்கவும் வேண்டாம் சார்."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் வெளிய வந்ததும், 'அண்ணன் பேசவே மாட்டேங்குது அண்ணி'ன்னு சொல்லி, போனை என் கையில குடுத்தான்."