அந்தச் சைகை

எட்வினின் மகள் ஷெரினுக்கு ஆறு வயது. பிறவியிலேயே காது கேட்காது. தினமும் சாயங்காலம் அவள்தான் அப்பாவின் விரல்களை மடக்கி நிமிர்த்திச் சைகை மொழி பழக்கினாள். லாரி ஷெட்டில் கஞ்சா இழுத்துவிட்டு வந்து எதிரே உட்காருகிறவனுக்கு, விடிந்தால் படித்ததில் பாதிகூட மிஞ்சுவதில்லை.

அன்று காலை பள்ளி வேன் வந்து நின்றதும் அவள் ஏற மறுத்தாள். நெஞ்சருகே கையை வைத்து ஒரு சைகை காட்டினாள். முந்தாநாள் அவள் சிரித்துச் சிரித்து அதைச் சொல்லிக் கொடுத்தது அவனுக்கு நினைவிருந்தது. அர்த்தம்தான் வரவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு அவளைத் தூக்கி ஏற்றப் பார்த்தான். அவள் அவன் சட்டையைப் பற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே காட்டினாள்.

"பயமா இருக்குன்னு சொல்லுதா. ஒங்களுக்குத் தெரியலியா, அண்ணாச்சி?" என்றாள் வேனில் துணைக்கு வரும் செல்லக்கனி.

எட்வின் அவளைக் கீழே இறக்கிவிட்டான். மகள் முன்னால் முட்டிபோட்டான். யாரைக் கண்டு பயம் என்று கேட்க வேண்டும். 'யார்' என்பது முதல் வாரமே படித்த சைகை. கையைத் தூக்கினான். விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன; எதுவும் வரவில்லை. செல்லக்கனியிடம் கேட்கலாமென்று திரும்பியவனின் முகத்தை ஷெரின் இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கமே திருப்பினாள்.

டிரைவர் ஹாரனை அழுத்தினான். அவள் அப்பாவின் கையையே பார்த்துக் காத்திருந்தாள்.