கிறெஸ்வெல்லுக்குப் பதில்

கிறெஸ்வெல் மறுபடியும் எழுதியிருந்தார்.

திரையில் அந்தப் பெயரைக் கண்டதும் மேர்லின் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். ஏழு மாதமாக இந்தப் பெயருக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

மட்டக்களப்பு நகரில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் அந்த அலுவலகம். ஜன்னலுக்கு வெளியே வாவி. பதினொரு பேர் வேலை. எங்கோ கடலில் போகும் சொகுசுக் கப்பல்களின் பயணிகள் எழுதும் முறைப்பாடுகளுக்கு இங்கிருந்துதான் பதில் போகும்.

போன வருடம் கம்பனி செலவைக் குறைப்பதற்காகக் கப்பல்களின் உணவகங்களில் பாதியைப் பூட்டியது. அன்றிலிருந்து கடிதங்கள் குவிந்தன. காலைச் சாப்பாட்டில் முட்டை ஒரே விதமாகத்தான் வருகிறது என்று ஒரு பெண்மணி மூன்று பக்கம் எழுதியிருந்தார். இறால் இல்லாத ஓர் இரவு தன் விடுமுறையையே நாசமாக்கிவிட்டது என்றார் ஒருவர். இன்னொருவர் சீஸ் தட்டைப் படம் பிடித்து அனுப்பி, இரண்டே வகை, பாருங்கள் என்று அம்புக்குறி போட்டிருந்தார்.

"உங்கள் ஏமாற்றத்தை நாங்கள் முழுமையாக உணர்கிறோம்" என்று எல்லோருக்கும் ஆங்கிலத்தில் எழுதினாள் மேர்லின். ஒரு நாளைக்குத் தொண்ணூறு தடவை.

அவளுடைய தம்பி தினுஷன் அதே கம்பனியின் கப்பலொன்றில் வெயிட்டராக இருந்தான். வெள்ளைக்காரர் வாயில் அவன் பெயர் நுழையாதென்று சட்டையில் 'டீன்' என்று குத்திவிட்டிருந்தார்கள். அவன் திரும்பி வரும்வரை வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது.

மாசி மாதம், பயணத்தின் நடுவிலேயே அவனை ஒரு துறைமுகத்தில் இறக்கி விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். குருக்கள்மடத்து வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நின்றான்.

"ரெஸ்டோரண்டப் பூட்டினது ஏனெண்டு அந்த மனிசன் கேட்டாரு அக்கா. செலவக் குறைக்கத்தான் சேர், எங்களுக்கும் கவலைதான் எண்டன். வேற ஒண்டும் சொல்லல்ல."

கிறெஸ்வெல் அதை அப்படியே தன் முறைப்பாட்டில் எழுதிவிட்டார். உங்கள் ஊழியர் டீனே ஒத்துக்கொள்கிறார் என்று, சாட்சிக்கு இழுப்பதுபோல. கப்பல் முகாமையாளர் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டித்தான் அவனை அனுப்பினார். கம்பனியைப் பற்றிப் பயணிகளிடம் குறை சொன்னவன் என்று வேலைநீக்கப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததால் வேறு கப்பல்காரரும் அவனை எடுக்கவில்லை.

இப்போது பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் குளியல் துவாய் மடிக்கிறான். சாப்பாட்டு மேசைப் பக்கம் தன்னை விட வேண்டாமென்று அவனே கேட்டுக்கொண்டானாம்.

முடித்துவைத்த முறைப்பாட்டை, அதே ஆள் திரும்ப எழுதினாலொழிய அலுவலகத்தில் யாராலும் திறக்க முடியாது. ஆகவே மேர்லின் காத்திருந்தாள். கிறெஸ்வெல் கைக்குள் வந்தால் என்ன செய்வதென்றும் யோசித்து வைத்திருந்தாள். சமையலறைக் கதவோரம் மேசை கொடுக்கலாம். முன்பதிவைத் தொலைத்துவிடலாம்.

கடிதத்தைத் திறந்தாள்.

வரும் கார்த்திகையில் தங்களுக்கு ஐம்பதாவது திருமண நாள் என்று எழுதியிருந்தார். உணவகங்களைக் குறைத்ததில் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அதே கப்பலில்தான் வருகிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். டீன்தான் பரிமாற வேண்டும். உங்கள் கப்பலில் உண்மை பேசியவன் அவன் ஒருவன். என் மனைவி அவனுக்கு ஒரு கம்பளிச் சால்வை பின்னி வைத்திருக்கிறாள்.

மேர்லின் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தாள்.

அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியாமல் சந்தோஷமாக இருக்கிறார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கதவோர மேசையெல்லாம் இவருக்குப் போதாது.

எழுதினாள்.

"டீன் இப்போது எங்களிடம் இல்லை. உங்கள் கடிதத்தால் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இனி எந்தக் கப்பலிலும் அவருக்கு வேலை கிடைக்காது. உங்கள் மனைவிக்கு எங்கள் திருமண நாள் வாழ்த்துகள்."

பக்கத்து இருக்கையிலிருந்து இர்ஷானா எட்டிப் பார்த்தாள். முழுவதையும் வாசித்தாள்.

"இத அனுப்பினா உங்கள வெச்சிருக்க மாட்டாங்க மேர்லின்."

"ஓம். தெரியும்."

போகிற வேலை போகட்டும். அந்தக் கிழவர் இதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கிழவி சால்வையை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். சாகும்வரை அவர்கள் உட்காரும் ஒவ்வொரு மேசையிலும் தினுஷன் வந்து நிற்க வேண்டும்.

எந்தத் தேதிக் கடிதம் என்பதையும் போட்டுவிட்டால் அவர்களால் தப்ப முடியாது. அதற்காகப் பழைய முறைப்பாட்டைத் திறந்தாள்.

தை மாதம் இருபத்திரண்டாம் தேதி. தினுஷன் சொன்னபடியேதான் இருந்தது.

கடிதத்தின் அடியில் ஒரு சிறிய பெட்டி. ஊழியர் எவருடைய பெயராவது கடிதத்தில் வந்தால், முதலில் வாசிப்பவர் அதில் சரி போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். இங்கே சரி போடப்பட்டிருந்தது.

அதற்குப் பக்கத்தில், மேலிடத்துக்கு அனுப்பியவர் பெயர்: மேர்லின் யோசேப். நேரம், காலை பத்து நாற்பத்திரண்டு.

அந்தக் காலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. தொண்ணூறு கடிதங்களில் ஒன்று. யாரோ ஒரு டீன்.

இர்ஷானா தன் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வேறு யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேர்லின் பழைய கடிதத்தை மூடினாள். பதிலில் தேதியைச் சேர்த்தாள். 'உங்கள் கடிதத்தால்' என்ற இடத்துக்கு வந்ததும் நின்றாள். பிறகு இன்னும் ஒரு சொல்லைச் சேர்த்தாள்.

'உங்கள் கடிதத்தால் மட்டுமே.'

அனுப்பினாள்.