சான் பென்னாத்தூரா

“மாப்பிள்ளை தென் அமெரிக்காவுல இருக்காருங்க. சான் பென்னாத்தூரான்னு ஒரு ஊரு. அங்க சூப்பர்வைசர் வேலை” என்றார் தரகர் சுப்பன், பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டே.

சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த நந்தினிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அடுத்த நொடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? உலகத்தில் அப்படி ஒரு ஊரே கிடையாது. அதைப் பெற்றுப் பெயர் வைத்தவளே அவள்தான்.

நந்தினிக்கு வேங்கிக்காலில், கட்டட வரைபடம் போடும் ஓர் ஆபீசில் வேலை. தொண்ணூற்றெட்டாம் வருஷம் சக்கரபாணி என்று ஒரு சென்னைக்காரர் அங்கே காரில் வந்து இறங்கினார். பெரிய தீம் பார்க் ஒன்று போடப் போகிறாராம், அதில் ஒரு பகுதி தென் அமெரிக்கா மாதிரி இருக்க வேண்டுமாம். “நெச ஊரு வேணாம்மா. போய் வந்தவன் எவனாச்சும் குத்தம் சொல்லுவான். கற்பனையா ஒண்ணு வரைஞ்சு குடு” என்றார்.

நந்தினி தென் அமெரிக்காவைப் பள்ளிக்கூட மேப்பில் பார்த்ததோடு சரி. பார்த்தாள், பிறந்து வளர்ந்த கீழ்பென்னாத்தூரையே எடுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டைச் சதுக்கமாக்கி, நெல் மண்டியைச் சந்தையாக்கி, சுவருக்கெல்லாம் மஞ்சள் பூசி, நடுவில் ஒரு மணிக்கூண்டை நட்டாள். பெயரைக் கொஞ்சம் இழுத்துவிட்டதும் வெளிநாடு ஆகிவிட்டது. படங்களைச் சுருட்டிக்கொண்டு போன சக்கரபாணி அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்பா தருமனை உள்ளே கூப்பிட்டுக் காதைக் கடித்தாள். “அப்பா, அந்த ஊரே பொய்யி. நான் வரைஞ்ச ஊரு அது. எங்கியோ வெளம்பர நோட்டீசைப் பாத்துட்டு அளக்கறாங்க.”

“உனுக்குக் கல்யாணம் வேணாம்னா ஊரையே இல்லைன்னுவ. போன மாசம் வந்தவனுக்குக் காது பெரிசுன்ன.”

“எல்லார் எதிர்லயும் நிரூபிச்சுட்டா?”

“நிரூபி. ஒரு வருசத்துக்கு இந்த வூட்டு வாசப்படி ஒருத்தனையும் ஏத்த மாட்டேன். முடியலைன்னா வேலைய விட்டுட்டு, வாய மூடிக்கினு இவனைக் கட்டிக்க.”

நந்தினிக்கு அந்த வேலை உயிர். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போய்க் காப்பாற்றிய வேலை. போகட்டும், ஒரு பொய்யனைப் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகிறது என்று தட்டோடு கூடத்துக்கு வந்தாள்.

மாப்பிள்ளை சரவணகுமார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டுக் களை ஒன்றையும் காணோம். கழுத்து வரைக்கும் வெயிலில் கறுத்திருந்தான்.

“அது வந்துங்க, அந்த ஊரைப் பத்தி நான் ஒண்ணு சொல்லிடறேன்...” என்று ஆரம்பித்தான்.

“மொதல்ல காபிய குடிங்க தம்பி, ஆறிடும்” என்று சுப்பன் டம்ளரை அவன் கையில் திணித்தார்.

“பொண்ணு ரெண்டு வார்த்தை கேக்கணுமாம்” என்றார் தருமன், மகளை ஒரு பார்வை பார்த்து.

நந்தினி தொண்டையைச் செருமினாள். “உங்க ஊர் சதுக்கத்துக்கு எதிர்ல என்னங்க இருக்கு?”

“சந்தைங்க. மஞ்ச செவுரு, ஏழு வளைவு.”

சரிதான். இதெல்லாம் நோட்டீசிலேயே இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். “சந்தைக்குப் பின்னால?”

“ஒரு முட்டுச் சந்து. கடைசியில ஒரு பச்சை ஜன்னல். அது தொறக்கவே தொறக்காதுங்க.”

நந்தினி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்த ஜன்னல் வெறும் ஒப்புக்கு அவள் வைத்தது. அது இவனுக்கு எப்படித் தெரியும்?

இதற்குள் அம்மா சரசுவுக்கு அவள் கவலை. “அங்க சனங்க எப்பிடிப்பா? சண்டை சச்சரவு உண்டா?”

“ரொம்ப அமைதிங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாட்ச்மேனைத் தவிர ஒருத்தர் இருக்க மாட்டாங்க.”

“பாத்தீங்களாம்மா, எவ்ளோ கட்டுப்பாடான ஊரு” என்றார் சுப்பன் அவசரமாக.

சரசுவின் முகம் மலர்ந்துவிட்டது. தருமன் மீசையைத் தடவிக்கொண்டு மகளைப் பார்த்தார். வேலை கையை விட்டுப் போகிறது என்று நந்தினிக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

“மணிக்கூண்டுக்கு எத்தனை படிங்க?”

“முப்பத்தெட்டு.”

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. ஓடிப்போய்ப் பையிலிருந்த வரைபட நகலை எடுத்துவந்து, அப்பா மடியில் விரித்தாள்.

“எண்ணிப் பாருங்கப்பா. நாப்பது. ஒவ்வொண்ணா ஸ்கேல் வெச்சு நான் போட்ட படி. மூலையில என் பேரு இருக்குது பாருங்க. இவரு அந்த ஊரைப் பாத்ததே இல்ல.”

தருமன் விரல் வைத்து எண்ணினார். நாற்பதுதான். அவர் முகம் சுருங்கிப்போனது. சுப்பன் கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் செருப்பு எங்கே என்று பார்த்தார்.

சரவணகுமார் எழுந்து வந்து, மூலையில் இருந்த பெயரைக் குனிந்து படித்தான். அவன் முகத்தில் பயம் போய் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“நீங்க வரைஞ்சது நாப்பதுதாங்க. பார்க்குல கட்டும்போது மேல தலை இடிச்சுது, ரெண்டைக் கொறச்சது நான்.”