முதலாளியின் முதல் கவளம்

எங்கள் தீப்பெட்டி ஆலையில் முதலாளி முதல் கவளம் எடுக்காமல் தொழிலாளிகள் யாரும் சாப்பிட மாட்டார்கள். என் தகப்பனார் ஏற்படுத்திய வழக்கம் அது. எங்கள் குடும்பத்தின் மரியாதைக்கு வேறு சாட்சி வேண்டாம் என்று பல சபைகளில் சொல்லியிருக்கிறேன்.

நேற்று நான் வர மூன்று மணியாகிவிட்டது. நாற்பது பேரும் மூடிய டப்பாக்களோடு காத்திருந்தார்கள். நான் முதல் கவளத்தை எடுத்ததும் எல்லோரும் திறந்து, குனிந்து பிசையத் தொடங்கினார்கள். எனக்கு விக்கல் எடுத்தது. தண்ணீருக்காக எழுந்து வரிசையைக் கடந்தபோது செல்லக்கனியின் டப்பா கண்ணில் பட்டது. கழுவித் துடைத்த வெறும் டப்பா. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"என்னம்மா இது?"

"பசி தாங்குமா மொதலாளி? பன்னெண்டுக்கே தின்னுருவோம். ஒங்கப்பா காலத்துலயும் அப்படித்தான். நீங்க ஒத்தையில உக்காந்து திங்கக் கூடாதுல்லா, அதான்."

நாற்பது கைகளும் அசையாமல் நின்றன. நான் திரும்பி வந்து, முதுகை நிமிர்த்தி என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சாப்பிடுங்க" என்றேன்.

கைகள் மறுபடி டப்பாக்களுக்குள் இறங்கின. பின்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் உப்பு கேட்டாள். அவளும் எடுத்துக் கொடுத்தாள்.