சனிக்கிழமை வரிசை

“பெட்டி திறக்கணும். உள்ளுக்கு என்ன இருக்கு?” என்று சென்றிக் காவலில் நின்ற சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

“வயலின் தம்பி. வாசிக்கிற சாமான்,” என்றார் கிளரன்ஸ்.

“அப்ப வாசி. பார்க்கலாம்.”

வலையிறவுப் பாலத்துச் செக்பொயின்டில் சனிக்கிழமை தவறாமல் நடக்கும் கூத்து இது. வவுணதீவுப் பக்கம் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கே வந்து வரிசையில் நிற்பார்கள். பத்து மணிக்கு முன் பாலம் தாண்டிவிட்டால் அன்றைக்கு நல்ல முகத்தில் விழித்ததாக அர்த்தம். வெயில் மண்டையைப் பிளக்கும். இரவு எங்கே ஷெல் விழுந்தது, யாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதையெல்லாம் குசுகுசுவென்றுதான் பேசிக்கொள்வார்கள்.

கிளரன்ஸ் வயலினைத் தோளில் வைத்ததும் எல்லாம் மாறிவிடும். நகரத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கும் அறுபது வயது மனிதர், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் அவர். வில்லைக் கையில் எடுத்தால் இருபது வயது குறைந்துவிடும். முதலில் மெதுவாக ஒன்று வாசிப்பார். அடுத்து துள்ளலாக ஒரு பைலாப் பாட்டு. மீன்காரக் கோணாமலை சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு அடி ஆடுவார். சிப்பாயின் சப்பாத்தும் தரையைத் தட்டும். சோதித்தது போதும் என்று சொல்ல அவனுக்கு மனசே வராது.

வெறுங்கூடைகளோடு நிற்கும் அன்னப்பூரணி கூடையின் அடியில் தாளம் போடுவாள். வவுணதீவில் கத்தரிக்காயும் பயற்றங்காயும் வாங்கி வந்து நகரத்தில் விற்பவள் அவள். முழுக் கிழமையிலும் அவள் வாய்விட்டுச் சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

ஆனாலும் ஒரு விஷயம் அவள் மனதை உறுத்தியது. கிளரன்ஸ் போவது கல்யாண வீடுகளுக்கு. ஒரு கிழமை ஆயித்தியமலை என்பார், அடுத்த கிழமை உன்னிச்சை என்பார். இங்கே இப்படி மறித்து வைத்துக்கொண்டால் அங்கே எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார்? மாப்பிள்ளை வீட்டார் ஏசமாட்டார்களா என்று ஒருநாள் கேட்டாள்.

“என்ன செய்யிற தங்கச்சி? மறுகா ஓடிப் போகத்தான் வேணும்,” என்று சொல்லிவிட்டு அவர் வில்லைத் துடைத்தார்.

நம்முடைய சந்தோஷத்துக்காக ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுப்பதா என்று அன்னப்பூரணி யோசித்தாள். நல்ல தமிழ் பேசும் புதிய அதிகாரி ஒருவர் செக்பொயின்டுக்கு வந்ததும், யாரையும் கேட்காமல் தானே போய் அவரிடம் முறையிட்டாள். அதிகாரி தங்கமான மனிதர். இவரையும் இவரது பெட்டியையும் சோதிக்காமல் விடவும் என்று அந்த இடத்திலேயே ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிளரன்ஸ் அதை இரண்டு முறை வாசித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வயலின் பெட்டியின் மூடியைத் தடவிக்கொண்டு நின்றார். மனசு நிறைந்தால் மனிதர் இப்படித்தான் என்று அன்னப்பூரணி பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அதிகாரியே கையசைத்து முன்னால் கூப்பிட, கிளரன்ஸ் துண்டைக் காட்டிவிட்டு ஒரு நிமிடத்தில் பாலம் தாண்டிவிட்டார். வரிசை வாடிப்போய் நின்றது. உன் நல்ல மனசால் என் கால் மரத்துப்போனது என்று கோணாமலை அவள் முகத்துக்கு நேரேயே சொன்னார். பத்தரை மணிக்கு அவள் அக்கரை சேர்ந்தபோது, தேநீர்க் கடை வாங்குப் பலகையில், மூடிய பெட்டியை மடியில் வைத்தபடி கிளரன்ஸ் உட்கார்ந்திருந்தார்.

“இன்னும் போகல்லியா அண்ணன்?”

“கரவெட்டியில ஒரு கல்யாணம் புள்ள. வண்டி வருமட்டும் இருக்கன்.”

“ஆடி மாதத்தில எந்தச் சைவக்காரர் அண்ணன் கல்யாணம் வைக்கிற?”

கிளரன்ஸ் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் வெகுநேரம் அவளிடம் ஏதோ சொன்னார். அன்றைக்கு அன்னப்பூரணிக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை. பாதிக் கூடையோடு வீடு திரும்பினாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை, வரிசையை விட்டு விலகி அவள் நேராக அதிகாரியிடம் போனாள்.

“சேர், அந்த வயலின் பெட்டியைச் சோதிக்காம விடாதீங்க.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர் என்று நீதானே வந்து சொன்னாய் என்று கேட்டார்.

“ஓம், சொன்னதுதான். இப்ப எனக்கு நம்பிக்கை இல்ல. ஒவ்வொரு முறையும் திறந்து பாருங்க. வாசிக்கவும் சொல்லுங்க.”

ஒருவர் சொல்லும் ஒரு சொல்லால் இன்னொருவர் வீடு திரும்பாமல் போகிற காலம் அது. காட்டிக் கொடுக்கிறாளே பாவி என்று கோணாமலை காறித் துப்பினார். அன்னப்பூரணி திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி கிளரன்சிடமிருந்த துண்டை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். கிளரன்ஸ் கொக்கியைக் கழற்றினார். வயலினைத் தோளில் வைத்தவர், அவளைப் பார்த்துக் கண்கலங்கச் சிரித்தார்.

பாலத்துக்கு அப்பால் அவருக்கு ஒரு கல்யாண வீடும் இருக்கவில்லை. ஊரடங்குச் சட்டம் வந்த நாளிலிருந்து ஏழு வருடமாக எந்த வீட்டிலும் வாசிக்கக் கூப்பிடாத அந்த மனிதர், மறிப்பார்கள், வாசித்துக் காட்டச் சொல்வார்கள் என்ற ஒரே ஆசையில்தான் சனிக்கிழமை தோறும் அந்த வரிசையில் வந்து நின்றார்.