தொந்தரவில்லாதவள்

பிறந்து இரண்டு வாரமான இரட்டைக் குழந்தைகளோடு சுகந்தியும் அவள் கணவனும் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். பையன் விடாமல் அழுகிறான் என்பதுதான் கவலை. டாக்டர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "இவனுக்கு வெறும் பசிம்மா. பால் குடுங்க" என்றார். பிறகு கணவனின் தோளில் தூங்கிய பெண் குழந்தையைக் காட்டி, "இவ எப்போ குடிச்சா?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரி குடிச்சதுதான். காலைல எழுப்பினேன், எந்திரிக்கல. இவளால தொந்தரவே கிடையாது டாக்டர்" என்றாள் சுகந்தி.

டாக்டர் அவளை வாங்கி மேஜையில் கிடத்தினார். பாதம் குளிர்ந்திருந்தது. உள்ளங்காலைச் சுண்டினார், கால் அசையவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினார். "ஐ.சி.யூ.வுக்குச் சொல்லுங்க" என்றார் நர்சிடம். சுகந்தி பையனைக் கணவனிடம் கொடுத்துவிட்டு, மகளின் முகத்தருகே குனிந்தாள்.

"அழுடி" என்றாள்.

குழந்தையின் உதடு மெல்லப் பிரிந்தது. சத்தம் இன்னும் வரவில்லை.