ரோண்டாவுக்கு ஒரு சந்தேகம்

ரோண்டா மறுபடியும் கையைத் தூக்கினாள்.

ஜனெல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்களின் போட்டிக் கூடைப்பந்து அணியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற குடும்பங்களுக்கான கூட்டம் அது. அணியின் மேனேஜர் ஜனெல்தான். அரை மணியில் முடித்திருக்க வேண்டியது, ரோண்டா புண்ணியத்தில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

"சொல்லுங்க ரோண்டா."

"வெளியூர் ஆட்டம்னா ஹோட்டல்ல தங்கியே ஆகணுமா?"

"கட்டாயமில்லை. ஃபோர்ட் வெயின் ஊர்ல ஆட்டம்னா காலையில எட்டு மணிக்கு அங்க நிக்கணும், அவ்வளவுதான்."

"வீட்லேருந்து சாப்பாடு கொண்டு வரலாமா?"

"தாராளமா."

"கார் இல்லாதவங்க?"

"சொன்னா வேற யாராவது ஏத்திக்குவாங்க."

முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். "நாலு வருஷமா இதே கிளப்புல இருக்கா. இவளுக்குத் தெரியாதா?"

ஜனெல்லும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"கோச், உங்ககிட்ட ஒண்ணு," என்றாள் ரோண்டா. "பணமெல்லாம் கட்டி, அத்தனை தூரம் வந்து, பிள்ளையை ஒரு நிமிஷம்கூட இறக்காம பெஞ்சுலயே உட்கார வெப்பீங்களா?"

கோச் டுவைட் தாடையைச் சொறிந்தார். "சில ஆட்டத்துல வெப்பேன். பள்ளிக்கூடத்து விளையாட்டு மாதிரி எல்லாருக்கும் சம நேரம் கிடையாது. அதைத் தெரிஞ்சுக்கிட்டே சேருங்க."

"நல்லது. கடைசியா ஒண்ணு."

"கடைசிதானே?" என்றாள் ஜனெல். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"கட்டணத்துல சலுகை உண்டா? உண்டுன்னா, யாருக்கும் தெரியாம யார்கிட்ட கேட்கணும்?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊரின் பெரிய கார்ப்பெட் கடை ரோண்டாவுடையது. இவளுக்குச் சலுகையா?

"உண்டு," என்றாள் ஜனெல் வறண்ட குரலில். "எங்கிட்ட கேட்கலாம். தனியா. பாதி வரைக்கும் குறைப்போம். யார் பேரும் வெளியே போகாது."

"ரொம்ப நன்றி," என்று சொல்லிவிட்டு ரோண்டா உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்ததும், கதவோரமாக ஒரு கால் வெளியில் இருக்கிற மாதிரியே உட்கார்ந்திருந்த ஒருவர் மேஜைக்கு வந்தார். தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

"அந்தம்மா கேட்டாங்களே," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "அது உங்ககிட்டதானே பேசணும்?"

"ஆமாங்க."

"அப்ப ஒரு விண்ணப்பப் பாரம் கொடுங்க. எம் பொண்ணு பேரு மார்லா. வேண்டாம்னு சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

அவர் பின்னாலேயே ஒரு பெண் வந்தாள். அவளும் மெதுவான குரலில் கார் விஷயம் கேட்டுக்கொண்டு பாரம் வாங்கிப் போனாள்.

ஜனெல்லுக்கு ஆத்திரம் கூடியது. இவர்களுக்குப் போக வேண்டிய சலுகையில் வசதிக்காரி ஒருத்தி பங்குக்கு வருகிறாள். ஒரு பாரத்தை உருவிக்கொண்டு வாசலுக்கு விரைந்தாள். ரோண்டா காரில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ரோண்டா, இந்தாங்க உங்க பாரம். ஆனா ஒண்ணு சொல்லணும். உங்களை மாதிரி இருக்கிறவங்க சலுகை கேட்டா நல்லாவா இருக்கு?"

"எனக்கு எதுக்குப் பாரம்? எம் பொண்ணு போன வருஷத்தோட பந்தை விட்டுட்டா. இப்ப டிரம்பெட் ஊதுறா. வீட்ல ஒருத்தரும் தூங்க முடியல."

"அப்புறம் எதுக்கு இங்க வந்து என் உயிரை எடுத்தீங்க?"

ரோண்டா பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"நாங்க சேர்ந்த வருஷம் அவ அப்பாவுக்கு வேலை போயிருந்துது. கடையெல்லாம் அதுக்கப்புறம் வந்தது. இதே கூட்டத்துல, இதே மாதிரி கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்க வெட்கம். அந்த வருஷம் மூணு ஊர்ல நானும் அவளும் கார்லதான் படுத்துத் தூங்கினோம்."

ஜனெல்லுக்கு என்னவோ போலாகிவிட்டது. "அப்பவும் சலுகை இருந்துதே ரோண்டா. அப்பவும் நான்தானே மேனேஜர். நீங்க ஒரு வார்த்தை கேட்கலையே."

"ஆமா, கேட்கலை," என்றாள் ரோண்டா, காரைக் கிளப்பியபடி. "நீங்களும் சொல்லலை."